பெயர் போடாமல் அனுப்பிய சப்பாத்து

பல வருடங்களுக்கு முன், வெறுங்காலுடன் வந்ததற்காக என் மாணவி ஒருத்தியை நான் ஓட்டப் போட்டியில் ஓட விடவில்லை. அவளிடம் சப்பாத்து இல்லை என்பது எனக்குத் தெரியும். அவள் இப்போதும் ஓடுகிறாள் என்று கேள்விப்பட்டு, போன வருடம் மெல்லிய அடியுள்ள ஓட்டச் சப்பாத்துச் சோடி ஒன்றைப் பெயர் போடாமல் அனுப்பினேன். நேற்று கீரிமலை பஸ்ஸில் அவள் தோழியுடன் எனக்கு முன் இருக்கையில் இருந்தாள். என்னைக் கவனிக்கவில்லை.

தோழி அவள் காலைப் பார்த்துக் கேட்டாள்: “என்னடி, உந்தச் சப்பாத்துக்கு அடியே இல்லை?”

“அதுதான் சுகம். கல்லு, மண் எல்லாம் காலுக்குத் தெரியும். ஒரு வருசமா ஓடுறன், தையல்கூட விடேல்லை.”

“அப்ப வெறுங்காலோடையே ஓடலாமே?”

“அண்டைக்கு அப்பிடித்தான் போனனான். எங்கடை சேர் ஓட விடேல்லை. இதை அனுப்பினதும் அவர்தான். பெட்டியிலை விலாசம் அவரின்ரை கையெழுத்து.”

“அப்ப கோவம் போச்சுதோ?”

“அது சப்பாத்தைவிட நிண்டு பிடிக்குது. நேரிலை வந்து கதைக்கட்டும்.”

அவர்கள் இறங்கும்வரை நான் யன்னல் பக்கமே பார்த்திருந்தேன்.