அந்தக் கை வேணாம்

அந்தக் கை வேணாண்ணே. இடது கையக் குடுங்க. வலது கையில நரம்பு சரியாத் தெரியல... நல்லாத் தெரியுதுங்குறீங்களா? எனக்குத் தெரியலண்ணே, விட்டுருங்க. அந்தச் சட்டைக்கைய எறக்கி விட்டுக்கங்க. ஆங், அப்படித்தான். நான் இப்படி வாசலப் பாத்து உக்காந்துக்கிறேன், அந்த மாலை போட்ட படத்துக்கு நேரா வேணாம். கதவையும் சாத்தாதீங்க, தெறந்தே கெடக்கட்டும். அண்ணி அடுப்படியிலதான இருக்காங்க? சரி சரி.

கை நடுங்குதா? ஐயையோ, பாத்துட்டீங்களா. ஒத்தக்கடையிலருந்து விளாங்குடிக்கு இந்தப் பனியில வண்டி ஓட்டியாந்தேன்ல, அந்தக் குளிரு... பொய் சொல்லுவானேன், பயந்தாண்ணே. குத்தத் தெரியாதுன்னு நெனச்சிராதீங்க. ஐசியூவுல நர்சா இருந்தவ நான், பச்சப்புள்ளைக்கே நரம்பு புடிச்சிருக்கேன். இது வேற பயம். இருங்க, கையில ரப்பர் பட்டையக் கட்டுறேன். கைய இறுக்கி மூடிக்கங்க.

லேப்ல சேந்து இன்னும் ட்ரையல்லதான் இருக்கேன். வீடு வீடாப் போயி ரத்தம் எடுக்குறது. யாராச்சும் போன் போட்டு, வந்த பொண்ணு கை வெடவெடன்னு நடுங்குச்சுன்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுச்சு, மறுபடி வார்டுதான். நீங்க சொல்லிறாதீங்கண்ணே, புண்ணியமாப் போகும். பினாயில் வாட அடிச்சாலே நான் தெருவுக்கு ஓடியாந்துருவேன்.

வேற வேலையா? தேடாத எடமில்ல போங்க. என்கூட ஐசியூவுல இருந்த சனோபர், கோடிங் படிச்சுட்டு ஆபீசுக்குப் போயிட்டா. நோயாளியோட ரிப்போர்ட்டப் பாத்து, என்ன வியாதியோ அதுக்குண்டான நம்பரக் கம்ப்யூட்டர்ல போடணும். யாரு மூஞ்சியும் பாக்க வேணாம், வாடின்னா. நானும் போயி உக்காந்தேன். நாளெல்லாம் எழுத்து, எழுத்து, ஒரு மனுசர் இருமுற சத்தங்கூடக் கேக்கல. பைத்தியம் புடிச்சிரும்போல இருந்துச்சு, ஓடியாந்துட்டேன். அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்துல, விழுந்து முட்டியப் பேத்துக்கிட்டு வர்ற புள்ளைகளுக்கு மருந்து போடுற வேல. நல்ல வேலதாண்ணே. சேந்த அன்னைக்கே ஒரு புள்ள மயங்கி விழுந்துருச்சு, அவங்க அப்பா கேட் வாசல்ல நின்னு சத்தம் போட்டாரு. அம்புட்டுதான். நான் பீரோவுக்குப் பின்னாடி போயி ஒண்டிக்கிட்டேன். டீச்சரு வந்துதான் கையப் புடிச்சு வெளிய கூட்டியாந்தாங்க. வெக்கமாப் போச்சு, மறுநா நான் போகல. நர்சிங் காலேஜுல பாடம் எடுக்கலாம்னா இன்னும் மேல படிக்கணும். இன்சூரன்ஸ்ல கூப்புட்டாங்க, அதுக்கு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி எறங்கணும். கடைசியா இது கெடச்சுச்சு. ஒரு வீடு, ஒரு ஆளு, பக்கத்துலயே வாசல்.

சுருக்குன்னு இருக்கும்ணே... அவ்வளவுதான், உள்ள போயிருச்சு. அசையாதீங்க.

அப்படி என்ன ஆச்சுன்னா கேக்குறீங்க? ஐசியூவுக்கு ஒரு அம்மா வந்தாங்க. நெஞ்சுவலி. கொண்டாரும்போதே ரொம்ப மோசம். டாக்டரு என்னென்னமோ பண்ணிப் பாத்தாரு. நானும் நெஞ்ச அமுக்கி அமுக்கி, தோள்பட்டையே கழண்டு போச்சு. போயிட்டாங்க. அதச் சொல்ல வேண்டியது டாக்டருண்ணே, நாங்க வாயத் தெறக்கக் கூடாது. ஆனா கதவத் தெறந்துக்கிட்டு மொதல்ல வெளிய வர்றது நாங்கதான? எம் மூஞ்சியப் பாத்ததுமே வெளிய நின்ன அவுக சொந்தக்காரங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒருத்தரு என் கழுத்துல கெடந்த ஐடி கார்டு கயித்த அப்படியே முறுக்கிப் புடிச்சாரு. மூச்சு வரல. கண்ணு இருட்டிக்கிட்டு வருது. மூஞ்சி தெரியல, கை மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. கயிறு அந்துருச்சு, நான் பொழச்சேன். அழுக்குத் துணி போடுற ரூமுக்குள்ள ஓடித் தாப்பாப் போட்டுக்கிட்டேன். வெளிய டமார் டமார்னு கதவ இடிக்கிறாக. ஆத்தா மீனாச்சின்னு கத்துறேன், சத்தமே வரல. அன்னைலருந்து சாத்துன கதவுக்குள்ள என்னால இருக்க முடியல.

ஐயோ, இழுக்காதீங்கண்ணே! ஊசி உள்ள இருக்கு. இந்தா முடிஞ்சுச்சு. பட்டைய அவுத்தாச்சு, ஊசிய எடுக்குறேன். பஞ்ச அமுக்கிப் புடிங்க, தேய்க்கக் கூடாது.

ஏன் குனிஞ்சுக்கிட்டீங்க? தல சுத்துதா? அண்ணியத் தண்ணி கொண்டாரச் சொல்லவா?

வீட்டுக்குள்ள வந்ததும் படத்தப் பாத்துட்டேண்ணே. உங்க அம்மா ரெங்கம்மாள்தான? அவுக நெஞ்ச அமுக்குனது நான்தான். அப்பவும், பெரிய குடும்பமா இருக்கும், எம்புட்டோ பேரு இருப்பாங்க, கயித்த முறுக்குனது இவரா இருக்காதுன்னு மனசத் தேத்திக்கிட்டேன். நீங்க சட்டைக்கைய மடக்குனீங்க. அம்மான்னு பச்ச குத்தி, பக்கத்துல அன்னைக்கு நான் பாத்த அதே வெட்டுத் தழும்பு. எந்திரிச்சு ஓடிரலாம்னுதான் நெனச்சேன், ஓடல. அதான் வாய் ஓயாமப் பேசிக்கிட்டே கெடந்தேன்.

வேணாண்ணே, எந்திரிக்காதீங்க. அங்கனயே இருங்க. கும்பிடல்லாம் வேணாம். நீங்க கையத் தூக்குனாலே எனக்குக் குலை நடுங்குது.

அழுகாதீங்க. அண்ணி பயந்துக்கப் போறாங்க.

இது வெறும் வயித்துல எடுத்தது. இட்லி சாப்புட்டுட்டு, ரெண்டு மணி நேரங்கழிச்சு இன்னொரு தடவ எடுக்கணும். வேற ஆள அனுப்புங்கன்னு நான் லேப்ல சொன்னா, இந்த வேலையும் போச்சு. நானேதான் வாரேன். கதவு தெறந்து கெடக்கட்டும், அண்ணி பக்கத்துல இருக்கட்டும். குத்துன கையிலயே திரும்பக் குத்துனா வீங்கிக்கும்ணே. அப்ப அந்தக் கையத்தான் குடுக்கணும்.