தன்மையும் படர்க்கையும்

— கடிதத்தைக் கீழ வச்சிட்டு பொரிக்க றோலைச் சுத்தடா, பஸ்ரியன். நாலு மணிக்கு எமில்டா அன்ரி ஆக்கள் யூனியன்வில்லில இருந்து உனக்குப் பேசின பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்திடுவினம்.

— சுத்துறன் அக்கா. ஒரு வரிதான்.

— காலமையில இருந்து அதே ஒரு வரி. உது ரஷ்யன்தானே?

— எத்தினை தரம் சொல்லுறது, பெலருஸ். மின்ஸ்க் ரவுணுக்குள்ளதான் ரஷ்யன். கனடாவுக்கு அனுப்புறனெண்டு ஏஜென்ற் எங்களை அடைச்சு வச்சிருந்த கிராமத்தில பெலருஸ் பாஷை. நன்றிக்கு ரஷ்யன்காரர் 'ஸ்பசீபா' எண்டுவினம். இவை 'ஜ்யாக்குய்'.

— நான் இங்க வரமுன்னம் இருந்த மொம்பாசாவில 'அசாந்தே'. சொல்லேக்கையே வாய் நிறையும், கண்டியோ. சுவாஹிலியில நாக்கு ஒரு இடத்திலயும் முட்டுப்படாது.

— இதில முட்டுப்படும். ஐஸ்கட்டியைக் கடிக்கிற மாதிரி. ஆனா எங்கட மாதிரி வேற்றுமை இருக்கக்கா. வீடு, வீட்டை, வீட்டுக்கு எண்டு சொல்லின்ர வால் மாறும்.

— சுவாஹிலியில தலை மாறும். 'ம்து' எண்டால் ஒரு ஆள். 'வாத்து' எண்டால் கன சனம்.

— வாத்தோ!

— சிரி, சிரி. நானும் தையல் கடையில முதல் நாள் சிரிச்சனான். பிறகு ரெண்டு வரியம் அந்த வாத்துக்களோடதான் இருந்தனான். எங்களை என்னெண்டு சொல்லுவினம் தெரியுமோ? 'வகிம்பிஸி'. ஓடி வந்த ஆக்கள்.

— உண்மையாவோ? பெலருஸிலயும் அகதிக்கு 'பேஷனெத்ஸ்'. அதுவும் ஓடுறதில இருந்து வந்த சொல்லுத்தான்.

— பார், ரெண்டு சனமும் எங்கட காலைத்தான் பாத்திருக்கினம். தமிழில அகதி எண்டால் கதியில்லாத ஆள். எனக்கெண்டால் ஓடின ஆள் எண்டுறதுதான் பிடிக்கும். ஓடினது நாங்கள் செய்தது. கதியில்லாமல் போனது எங்களுக்கு நடந்தது. என்ன, திரும்பவும் கடிதத்தை எடுத்திட்டாய்? அந்த வரியில அப்பிடி என்ன கிடக்கு?

— ஒண்டுமில்லை. அந்த வீட்டுக்காரர் எழுதினது. பனி, உருளைக்கிழங்கு...

— வீட்டுக்காரர் எண்டால் ஆம்பிளையோ, பொம்பிளையோ?

— அது வந்து... வீட்டுக்காரர்.

— சுவாஹிலி மாதிரி மழுப்பாதை. 'நிலிங்கோஜா' எண்டால் நான் காத்திருந்தன். 'அலிங்கோஜா' எண்டால் மற்ற ஆள் காத்திருந்தது. தானோ மற்ற ஆளோ எண்டு தெரியும், கண்டியோ, ஆணோ பெண்ணோ எண்டு தெரியாது.

— பெலருஸ் நேர்மாறு. 'காத்திருந்தன்' எண்டு வாய் திறக்கேக்கையே ஆணோ பெண்ணோ எண்டு தெரிஞ்சிடும்.

— சொல்லிக்காட்டு பாப்பம்.

— 'யா சக்காலா.'

— ஆம்பிளை அப்பிடித்தான் சொல்லுறதோ?

— அது வந்து...

— பஸ்ரியன்.

— ஆம்பிளை எண்டால் 'சக்காவ்'.

— அப்ப நீ ஏன் பொம்பிளை மாதிரிச் சொன்னனி?

— அவள் சொல்லிக் கேட்டுத்தானே பழகினனான். அந்தப் பாஷையில நான் கதைச்சால் ஊரே சிரிக்கும், பொம்பிளை மாதிரிக் கதைக்கிறான் எண்டு.

— அவள்.

— அலேஸ்யா. அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிக்கிறவா. ஏஜென்ற் எங்களை விட்டிட்டு ஓடினாப்பிறகு எனக்கு நெருப்புக் காய்ச்சல். அவாதான் தன்ர வீட்டை கொண்டுபோய் வச்சுப் பாத்தவா. ஏழு மாசம் இருந்தனான்.

— ஐயோ, போலே.

— அதென்ன?

— மற்ற ஆளுக்கு நோகேக்க சுவாஹிலியில சொல்லுறது. தமிழில அதுக்கு நேரான சொல்லு எனக்கு இன்னும் அம்பிடேல்லை. ஏன்டா எனக்கு மறைச்சனி? நான் எமில்டா அன்ரிக்கு வாக்குக் குடுத்திட்டன். அந்தப் பிள்ளை இதுக்கெண்டு லீவு போட்டிருக்கு.

— முடிஞ்சுதக்கா. திங்கட்கிழமை கடிதம் வந்தது. அதாலதான் புதன்கிழமை உங்களுக்கு ஓம் எண்டனான்.

— முடிஞ்சுதெண்டு ஆர் சொன்னது?

— கிறிஸ்மஸுக்கு இந்த வோபர்ன் அட்ரஸைப் போட்டு ஒரு கார்ட் அனுப்பினனான். அதுக்குத்தான் பதில். முந்தி எழுதின கடிதங்கள் கிடைச்சுதோ தெரியாது எண்டு எழுதியிருக்கிறா. நான் ரெண்டு தரம் வீடு மாறினவன், ஒண்டும் வந்து சேரேல்லை. கடைசியில இந்த வரி. 'உ லியூத்திம் பைஷ்லா.' லியூத்தி எண்டால் பெப்ரவரி. பெப்ரவரியில போயிட்டன் எண்டு எழுதியிருக்கிறா. ஆரையும் கட்டிக்கொண்டு போனாவோ என்னவோ.

— எங்க போனதாம்?

— எழுதேல்லை.

— 'நான்' எண்டு எழுதியிருக்கோ?

— இல்லை, வெறும் 'பைஷ்லா'. சிலவேளை 'நான்' போடாமலும் எழுதுவினம்.

— அப்ப 'அவள் போனாள்' எண்டுறதுக்கு என்ன?

— அதுவும்... பைஷ்லாதான். பெண் எண்டு மட்டும் தெரியும். தானோ வேற ஆளோ எண்டு அந்தச் சொல்லில தெரியாது.

— சுவாஹிலி எண்டால் முன்னால ஒரு எழுத்து நிண்டு காட்டிக் குடுத்திருக்கும். சரி, அடுத்தது என்ன?

— 'வோசெம் குரோக்காவ்.' எட்டு... குரோக் எண்டது விளங்கேல்லை. மைல் மாதிரி ஏதோ தூரமாக்கும். பிறகு, விழுந்தது, அழேல்லை. அதெல்லாம் பெண்பால்தான்.

— குரோக். யோசி. அவாவின்ர வாயில இருந்து எப்பவாவது கேட்டிருப்பாய்.

— காய்ச்சல் விட்டு முதல் நாள் எழும்பேக்க... என்ர ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு தான் பின்பக்கமா நடந்தவா. 'யஷ்சே குரோக், யஷ்சே குரோக்.' இன்னும் ஒண்டு, இன்னும் ஒண்டு எண்டு. காலடி அக்கா. குரோக் எண்டால் காலடி. அப்ப இந்த 'பைஷ்லா' போனதில்லை, நடந்தது.

— நீ அங்கயிருந்து எப்ப வெளிக்கிட்டனி?

— தொண்ணூற்றைஞ்சு ஆகஸ்ட். இப்ப பத்தொன்பது மாசம். ஏன்?

— அடுப்பை நிப்பாட்டிப்போட்டு இங்க வந்து இரு. போனது அலேஸ்யா இல்லையடா, பஸ்ரியன். பத்தொன்பது மாசத்தில ஒரு பிள்ளை பிறந்து நடக்கவும் வெளிக்கிட்டிடும். பெரிய பொம்பிளை ஒருத்தி எட்டுக் காலடி நடந்தாள், விழுந்தாள், அழேல்லை எண்டு ஆரும் கடிதம் எழுதுவினமோ?