ஒட்டிக்கொண்ட பக்கங்கள்

சாயங்காலம் ஆறே முக்கால் மணி. ஒரு நீளமான சாலை. ஒரு பக்கம் மூடிப்போன ஆலையின் சுவர், மறு பக்கம் புதர். விளக்குக் கம்பம் ஏழு, எரிவது இரண்டு. அந்தச் சாலையில் ஒருத்தி தனியாக நடந்து வருகிறாள்...

இருங்கள். போர்வை இல்லாதவர்கள் இந்தப் பெஞ்சுப் பக்கம் நகர்ந்து வாருங்கள். ரயில் மூன்று மணிக்கு முன்னால் வராது என்று சொல்லிவிட்டார்கள். கரண்டும் இல்லை. தூங்கினால் மூட்டை போய்விடும், தூங்காவிட்டால் உயிர் போய்விடும் போலிருக்கிறது. குழந்தையை மடியில் போட்டுக்கொள், கண்ணு. நான் மெதுவாகத்தான் சொல்வேன்.

அந்தச் சாலையில் வந்தவள் என் சிநேகிதியின் நாத்தனார். பெயரைக் கடைசியில் சொல்கிறேன். எனக்கு ஞாபகம் போதாது. சீட்டில் எழுதி மடித்து, முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். "இந்தக் கதைய எங்க சொன்னாலும் அவ பேரையும் சேத்துச் சொல்லிடு. நாலு பேர் வாயிலயாவது இருக்கட்டும்" என்று என் சிநேகிதி கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஏன் அப்படிக் கேட்டாள் என்பது போகப் போகத் தெரியும்.

நாத்தனாருக்கு ஓர் ஆவணக் காப்பகத்தில் வேலை. ஊர்ப் பழசெல்லாம் அங்கேதான் வந்து சேரும். வாசகசாலைகளின் குறிப்பேடுகள், நாடகக் குழுக்களின் நோட்டீசு, நின்றுபோன சிறு பத்திரிகைகள். அதில் ஒரு அலமாரி முழுக்கக் கையெழுத்துப் பத்திரிகை. அச்சடிக்க வசதி இல்லாத சனங்கள் நோட்டில் கையாலேயே எழுதி, படம் வரைந்து, மாதம் ஒன்று தைப்பார்கள். ஒரே ஒரு படிதான். அது வீடு வீடாகப் போகும், வரும். தொலைந்தால் தொலைந்ததுதான்.

இடிந்து விழப்போகிற கட்டடம். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து, பூஞ்சை ஏறிய நோட்டுகளைக் காகித ஆலைக்கு லாரியில் ஏற்றிவிடுவது என்று முடிவு. மேலாளர் தினமும் வந்து எத்தனை முடிந்தது என்று கேட்பார். அவருக்குப் 'பாச்சை உருண்டை' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆள் வருவதற்கு முன்னால் வாசனை வரும்.

அங்கே ஒரு முறை உண்டு. வெற்றுத் தாளை ஸ்கேன் எடுக்க வேண்டாம். பதிவேட்டில் 'வெற்றுத் தாள்' என்று எழுதினால் போதும். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் பைண்டரிடம் கொடுக்க வேண்டும். அவர் ஈர ஒற்றுத்தாளுக்கு நடுவே ஒரு ராத்திரி வைத்து, காலையில் மூங்கில் தகட்டால் மயிரிழை மயிரிழையாகப் பிரிப்பார். ஒரு தாளுக்கு ஒரு நாள்.

நாத்தனார் வீட்டில் கணவர் படுத்த படுக்கை. ராத்திரியிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். பகலில் முந்நூறு பக்கம். உட்கார்ந்தால் கண் சொக்கும். ஸ்கேனரின் பச்சை வெளிச்சம் போகும், வரும்... போகும், வரும். எத்தனை நாள்தான் முடியும், சொல்லுங்கள்.

ஒருநாள் இரண்டு தாள் ஒட்டியிருந்தது. குழல் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். உள்ளே நீல மை தெரிந்தது. வரி வரியாக. எழுத்துதான். பார்த்தாள்... நோட்டை இறக்கினாள்... பதிவேட்டில் 'வெற்றுத் தாள்' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

அவளைத் திட்டாதீர்கள். நான் திட்டவில்லை.

முதல் தடவைதான் உறுத்தும். அந்த மாதத்தில் அப்படிப் பதினோரு தடவை எழுதினாள்.

பதினோராவது, கடைசி நாள் சாயங்காலம். பக்கம் நாற்பத்தொன்று. எழுதி முடித்த பிறகுதான் சுவரில் குத்தியிருந்த துண்டுச் சீட்டு கண்ணில் பட்டது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு அம்மாள் வந்து கொடுத்துவிட்டுப் போனது. பத்திரிகையின் பெயர், வருஷம், பக்கம் நாற்பத்தொன்று. "என் மக எழுதினதும்மா. பதினேழு வயசு. அவ கையெழுத்துன்னு உலகத்துல இருக்கறது அது ஒண்ணுதான். எடுத்ததும் எனக்கு ஒரு படி குடு" என்று கேட்டிருந்தாள். ஒரு செருப்பில் வார் அறுந்து, சணலால் கட்டியிருந்ததுகூட நாத்தனாருக்கு ஞாபகம் இருந்தது.

பைண்டர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். நோட்டு பெட்டிக்குள் போய்க் கயிறு கட்டியாகிவிட்டது. லாரி காலை ஆறு மணிக்கு.

"என்னம்மா, பேயறஞ்ச மாதிரி நிக்கற?"

"ஒண்ணுமில்ல அண்ணே. தூக்கம்."

"தூக்கமா? அது பாச்சை உருண்டைக்கு மட்டும் குடுக்கற சலுகையாச்சே."

சிரித்தாள். விளக்கை அணைத்தாள். கிளம்பிவிட்டாள்.

அப்போதுதான் அந்தச் சாலை. ஆறே முக்கால்.

மூன்றாவது கம்பம் தாண்டியதும் பின்னால் சத்தம். சரக்... டப். சரக்... டப். ஒரு கால் நன்றாக நடக்கிறது. மறு காலில் செருப்பு தரையில் அடிக்கிறது. கூடவே ஒரு வாசனை. ஈரக் காகிதமும் பழைய பசையும் கலந்தது. அந்த வேலை பார்ப்பவர்களுக்குச் சோறு உண்ணும்போதும் விரலில் இருக்கும் வாசனை. தன் கைதான் என்று நினைத்து மோந்து பார்த்தாள். கையில் சோப்பு வாசனைதான் இருந்தது.

திரும்பவில்லை. சத்தம் பக்கத்தில் வந்து, கூடவே நடந்தது.

"எடுத்தாச்சாம்மா?"

அந்த அம்மாள்தான். முகம் இருட்டில் சரியாகத் தெரியவில்லை.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். திரும்பிப் போனால் பெட்டி இருக்கிறது, சாவி இருக்கிறது. ஆனால் வீட்டில் அவரைத் திருப்பிப் போட வேண்டிய நேரம். கால் இரண்டும் கல்லாகக் கனக்கிறது.

"எடுத்தாச்சும்மா" என்றாள்.

"எழுத்து நல்லா தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப சரி." ஒரு பெருமூச்சு. "இனிமே நான் அதப் புடிச்சிக்கிட்டு இருக்க வேண்டாம்."

சரக்... அதோடு சரி. அடுத்த 'டப்' கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். நீளச் சாலை. எரியும் இரண்டு விளக்கு. தரையில் ஒரு சணல் துண்டு கிடந்தது. நனைந்திருந்தது. அன்று மழை இல்லை.

அந்த ராத்திரி அவள் தூங்கவில்லை. 'புடிச்சிக்கிட்டு இருக்க வேண்டாம்' என்றால் என்ன? எதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்? நாலரை மணிக்குக் கணவரைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஓடினாள். லாரி வந்து நின்றிருந்தது. பெட்டிகளின் மேல் கையை விரித்துக்கொண்டு நின்றாள். சொன்னால் வேலை போகும். சொன்னாள். பதினொன்றையும் சொன்னாள். மேலாளர் பதினோரு நோட்டையும் இறக்கச் சொல்லி, பிரித்துப் பார்க்க ஒரு நாள் தவணை கொடுத்துவிட்டுப் போனார்.

துண்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு பைண்டரிடம் போனாள்.

"இந்த அம்மாவுக்குச் சொல்லி அனுப்பணும் அண்ணே."

அவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். "எங்க தெருதான். அது செத்து ரெண்டு மாசம் ஆச்சே."

இரண்டு பேருமாக ஒற்றுத்தாளை நனைத்தார்கள். ஒரு பகல், ஒரு ராத்திரி. மறுநாள் விடிந்ததும் பைண்டர் மூங்கில் தகட்டை எடுத்தார். பக்கம் நாற்பத்தொன்றில்தான் தொடங்கினார். வேகம் இல்லை. மூச்சுக்கூட விடாமல்... இழை இழையாக... ச்...ர்...ர்... தாள் பிரிந்தது.

வெள்ளை.

திருப்பினார். வெள்ளை. மை இல்லை, பேனா அழுத்திய தடம்கூட இல்லை. இரண்டாவது நோட்டு. வெள்ளை. மூன்றாவது... எல்லாமே. பதினோரு இடத்திலும் புதுத் தாள் மாதிரி. அவள் எழுதியது போலவே ஆகியிருந்தது. வெற்றுத் தாள்.

"வெளிச்சத்துல பார்த்தேன் அண்ணே. நீல மை. சத்தியமா இருந்துச்சு."

"நீ என்னன்னு எழுதி வச்சிருக்க, காட்டு" என்று பைண்டர் பதிவேட்டைப் புரட்டினார். முன்னே புரட்டினார். பின்னே புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எங்கம்மா எழுதியிருக்க?"

அவள் பக்கங்கள் எல்லாம் காலியாக இருந்தன. கட்டங்கள் இருந்தன. கட்டத்துக்குள் ஒன்றும் இல்லை.

அது அன்றோடு நிற்கவில்லை. வேலை எப்படியோ தப்பியது; புதுக் கட்டடத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவாள். மறுநாள் அந்தக் கட்டம் வெள்ளை. கணவருக்கு எந்த வேளைக்கு எந்த மாத்திரை என்று சுவரில் எழுதி ஒட்டுவாள், காலையில் வெள்ளை. பிறகு எழுதுவதையே விட்டுவிட்டாள். ஆனால் அது எழுத்தோடும் நிற்கவில்லை, தங்கங்களா. பைண்டர் அவளைக் கூப்பிட வாயைத் திறப்பார்... திறந்தபடியே நிற்பார். இருபது வருஷம் கூப்பிட்ட பெயர். வராது. ஒரு நாள் அவள் கணவர் "ஏம்மா... ஏம்மா..." என்று ராத்திரி முழுக்கக் கூப்பிட்டாராம். அதற்கு மேல் அவருக்கும் வரவில்லை.

எழுதுவதை விடுவதற்கு முன்னால் என் சிநேகிதிக்கு நாத்தனார் ஒரு கடிதம் போட்டாள், விலாசம் மட்டும் பக்கத்து வீட்டு அக்கா எழுதியது. உறைக்குள் நாலு பக்கம், அத்தனையும் வெள்ளை. அதைப் பார்த்த பிறகுதான் சிநேகிதி நேரில் போய் எல்லாவற்றையும் கேட்டு வந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் இல்லை. எங்கே போனார்கள் என்று சொல்வாரும் இல்லை. பெயர் தெரியாத ஆளை எப்படித் தேடுவது? என் சிநேகிதி மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் யோசித்து, நேற்று விடியற்காலையில் அந்தப் பெயர் நாக்கில் வந்ததும் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். "எழுதிக்கோ, சீக்கிரம் எழுதிக்கோ" என்றாள். எழுதிக்கொண்டேன். என் கையெழுத்துதானே, அழியாது என்று ஒரு தைரியம்.

ஆயிற்று. பெயரைச் சொல்கிறேன். சொன்னதும் ஆளுக்கு ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது. அந்த டார்ச்சை இப்படிக் காட்டு, தம்பி.

இதோ முடிச்சு. இதோ சீட்டு...

என்ன இது.

நேற்று மடித்த சீட்டு. காய்ந்த துணியில்தான் முடிந்து வைத்திருந்தேன். ஈரமாக இருக்கிறது. மடிப்புக்கு மடிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரிய மாட்டேன் என்கிறது. மோந்து பாருங்கள்... பசை வாசனை அடிக்கிறதா, இல்லை எனக்குத்தானா?

டார்ச்சைப் பின்னால் பிடி. இன்னும் கிட்ட. ஆமாம்... உள்ளே நீலமாகத் தெரிகிறது. எழுத்து இருக்கிறது.

பிரிக்கட்டுமா, கண்ணுகளா? வேண்டாமா?