இன்னும் பத்து நிமிடம்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் எங்கள் கடையில் முதலில் தீர்ந்துபோவது குட்டி முட்டைக்கோஸ்தான். வருடம் முழுக்க அதை ஒருவரும் தொட மாட்டார்கள். வீட்டில் யாருக்கும் பிடிக்காது. ஆனால் டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி அது கிடைக்கவில்லை என்றால் மேனேஜரைக் கூப்பிடச் சொல்வார்கள். இருபத்தாறு வருடங்களாக அந்த மேனேஜர் நான்தான். உங்களுக்கு இது தேவையில்லாத பேச்சாகப் படலாம், இன்ஸ்பெக்டர். ஆனால் இவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரியாமல் நான் செய்தது உங்களுக்கு விளங்காது.

இரண்டாயிரத்து இரண்டு டிசம்பர் இருபத்து மூன்று, திங்கட்கிழமை. கீத்லி ஊரே எங்கள் கடைக்குள் இருந்தது. மூன்று மாதமாக எல்லாருக்கும் தெரிந்த பண்டிகை, இவர்களுக்கு மட்டும் அன்று காலையில்தான் தெரிந்ததுபோல சாமான் வண்டியை இடித்துத் தள்ளிக்கொண்டு அலைந்தார்கள். பதினொன்று அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கார்டு இயந்திரங்கள் நின்றுவிட்டன. பில் கவுன்டர்களின் பொறுப்பாளர் மாரீன் மாடியில் இருக்கும் என் அறைக்கு ஓடி வந்து, ஒருவர் கார்டும் போகவில்லை என்றாள். வங்கிக்குப் போன் செய்தேன். அவர்களுடைய கணினிகள் எல்லாம் படுத்துவிட்டனவாம். கடை வாசலில் பணம் எடுக்கும் இயந்திரமும் அதோடு சேர்ந்து படுத்துவிட்டது.

கீழே இறங்கி அறிவித்தேன். ரொக்கம் வைத்திருப்பவர்கள் ஒன்றாம் கவுன்டருக்கு வரலாம், மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருங்கள், பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். வரிசையை விட்டுப் போகிறவர்களின் சாமான்கள் அலமாரிக்குத் திரும்பிவிடும் என்றும் சொன்னேன். ரொக்கம் வைத்திருந்தவர்கள் பதினாறு பேர். மீதி எண்பது பேர் அப்படியே நின்றார்கள். பிரெஞ்சுக்காரர்களாக இருந்தால் வான்கோழியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டியிருப்பார்கள். எங்கள் இங்கிலாந்து ஆட்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், பெருமூச்சு விடுவார்கள், பக்கத்தில் நிற்பவரிடம் மழை வருமா என்று கேட்பார்கள். உங்கள் சார்ஜன்ட்கூட இரண்டாம் வரிசையில் பொம்மை டிராக்டரை அணைத்துக்கொண்டு நின்றார். அவரையே கேட்டுப் பாருங்கள்.

நான்காம் வரிசையில் ஹார்ட்லி சக்டன் நின்றார். எழுபத்தெட்டு வயது, கம்பளி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி நோராவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம். கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ளாமல் அவளால் நடக்க முடியாது. இதை அவரே என்னிடம் சொன்னார். அதனால் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை. கனடாவில் இருக்கும் மகன் ஒன்பது வருடம் கழித்து மறுநாள் வீட்டுக்கு வருகிறான். ஹார்ட்லியின் வண்டியில் இருந்தது அன்று கடையில் மிச்சமிருந்த கடைசி வான்கோழி. பன்னிரண்டரைக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லி நோராவைக் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

பன்னிரண்டு மணிக்குத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும், மிஸ்டர் ஆர்மராட். வண்டிய இங்கயே விட்டுட்டு வீடு வரைக்கும் போய்ட்டு வந்துரட்டுமா? அவ தனியா இருக்கா."

"உங்களுக்கு விட்டா அப்புறம் எல்லாரும் கேப்பாங்க, மிஸ்டர் சக்டன். இன்னும் பத்து நிமிஷம்தான்."

அவர் எனக்கு நன்றி சொன்னார்.

வங்கி எத்தனை மணிக்குச் சரியானது என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். அவர்களுடைய பதிவு உங்கள் மேசை மேலேயே இருக்கிறது, பிறகு எதற்கு என் வாயைக் கிளறுகிறீர்கள் என்று தெரியவில்லை. பதினொன்று முப்பத்தைந்துக்கு. ஒரு பெண் போன் செய்து, எல்லாம் சரியாகிவிட்டது, கிறிஸ்துமஸ் வாழ்த்துகள் என்றாள். நானும் வாழ்த்துச் சொன்னேன். கடையின் கார்டு இயந்திரங்கள் எல்லாம் என் அறையில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி வழியாகத்தான் வங்கியோடு பேசும். போனை வைத்துவிட்டு அந்தப் பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். வாசலில் இருந்த இயந்திரத்தின் மேல் 'பழுது' என்று எழுதி ஒரு தாளை ஒட்டினேன். புதிதாக யாரையும் உள்ளே விட வேண்டாம் என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு மாடி ஏறினேன். வங்கி கெட்டுக் கிடந்தது நாற்பத்தைந்து நிமிடம். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் வேலை.

கோபத்தில் செய்யவில்லை. எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் தாங்குவார்கள் என்பது என் கணிப்பு. அது அவர்களுக்கு நான் கொடுத்த அதிகப்படியான மரியாதை. பன்னிரண்டரைக்கு ஆளுக்கு ஓர் இனிப்புப் பணியாரம் இலவசமாகக் கொடுக்கச் சொன்னேன். கைதட்டினார்கள். "இப்டியே நின்னா இந்த வான்கோழி முட்ட போட்டுக் குஞ்சு பொரிச்சிரும்போல" என்று குழாய் வேலைக்காரர் ஒருவர் சொன்னதற்கு மூன்று வரிசைகள் சிரித்தன. மாடி அறைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. ஒரே ஒரு ஆள் குரலை உயர்த்திக் கேட்டால் போதும், வயரைச் சொருகிவிடுவது என்று முடிவு செய்தேன். அதில் என்ன அநியாயம் இருக்கிறது?

ஒன்றே முக்காலுக்கு, ஹார்ட்லிக்குப் பின்னால் நின்ற ப்ரெண்டா என்ற பெண் தன் செல்போனைக் கொடுத்து வீட்டுக்குப் பேசச் சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"அசந்து தூங்குவாங்க பெரியவரே, கவலப்படாதீங்க" என்றாள் ப்ரெண்டா.

போன் நாற்காலிக்குப் பக்கத்திலேயேதான் இருக்கும் என்றார் அவர். வங்கியிலிருந்து இப்போதுதான் சொன்னார்கள், இரண்டே நிமிடம் என்றேன் நான்.

இரண்டு இருபத்தைந்துக்கு வயரைச் சொருகினேன். ஏன் அப்போது என்றால், எனக்குப் பசி வந்துவிட்டது. ஹார்ட்லியின் கார்டு நாலு வினாடியில் போனது. என் கையைக் குலுக்கிவிட்டு, அந்த வயதில் ஓட முடிந்த அளவுக்கு ஓடினார். நோரா பின்வாசல் படியில் கிடந்தாள். ஒரு கைக்கு மட்டும் கோட்டை மாட்டியிருந்தாள். நேரமாகியும் ஆளைக் காணோமே என்று தேடக் கிளம்பியிருக்கிறாள். விழுந்ததில் இடுப்பு ஒடிந்து, அந்த உறைபனியில் கிடந்திருக்கிறாள். இரண்டு மணி வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் எழுதியிருப்பதாக நீங்கள்தான் சொன்னீர்கள். நான் மறுக்கவில்லை.

அத்தனை பேரில் ஒருவர்கூடவா எதிர்த்துக் கேட்கவில்லை என்று உங்களுக்கு ஆச்சரியம். ஒருவர் கேட்டார். ஹார்ட்லிதான். ப்ரெண்டாவின் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடை முழுக்கக் கேட்கும்படி என்னைப் பார்த்துக் கத்தினார்.

"பத்து நிமிஷம் பத்து நிமிஷம்னு எத்தன தடவைய்யா சொல்லுவ? என் பொண்டாட்டி அங்க தனியாக் கெடக்கா."

எண்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னை இல்லை, அவரைத்தான். சபையில் அசிங்கமாக நடந்துகொண்டவரைப் பார்ப்பதுபோல. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. முன்னால் நின்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டார், பின்னால் நின்றவர்களிடம் கேட்டார், கடைசியில் என்னிடமும் கேட்டார். பரவாயில்லை மிஸ்டர் சக்டன் என்று சொல்லிவிட்டு மேலே போய்ப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

வயர் கையில்தான் இருந்தது. சொருகுவதாகத்தான் இருந்தேன், இன்ஸ்பெக்டர், சத்தியமாக. ஆனால் அவர்தான் மன்னிப்புக் கேட்டுவிட்டாரே, அதை எப்படிக் குரல் உயர்த்தியதாக எடுத்துக்கொள்வது? அதனால் வேறு யாராவது கேட்கிறார்களா என்று இன்னும் நாற்பது நிமிடம் பார்த்தேன்.