அவர் காதில் விழுந்தது

– பேச்சை மாத்தாதீங்க. உலகத்துல பாதிப்பேர் கேக்குறாங்கன்னா அது நல்ல பாட்டு ஆயிடுமா? உலகத்துல பாதிப்பேருக்கு ஜலதோஷமும்தான் பிடிக்குது.

– ஜலதோஷத்துக்கு யாரும் டிக்கெட் வாங்கிட்டு வரிசையில நிக்கறதில்லம்மா.

– ஏன் நிக்கறதில்ல? எங்க கிளினிக்குக்கு ஒருநாள் வந்து பாருங்க. டோக்கனை வாங்கிட்டு வாசல் வரைக்கும் நிக்குறாங்க. அந்தக் காலுறையை இப்படிக் குடுங்க.

– விடு, பெட்டியை நான் அடுக்கிக்கறேன்.

– நீங்க அடுக்கின லட்சணம்தான் தெரியுமே. போன டூருக்கு ரெண்டும் இடதுகால் ஷூவா எடுத்துட்டுப் போனவர்தானே. உங்காளு மேடையில பாட்டுக்கு ஒரு உடுப்பு மாத்துறார். அவர் காதுக்குக் காவல் இருக்கிற என் புருஷன் ஒரு காலை இழுத்துக்கிட்டு நடந்தார்.

– உடுப்பைப் பாக்கவா அத்தனை கூட்டம் வருது?

– பின்ன, பாட்டைக் கேக்கவா வருது? மூணு சுரத்தை வெச்சுக்கிட்டு முப்பது வருஷமா ஓட்டுறார். ஒரே பாட்டு. ஒவ்வொரு தடவையும் கண்ணாடியை மட்டும் மாத்திப் போட்டுக்கறார்.

– எளிமையாப் பாடறது சுலபம்னு நினைக்கிறியா? அப்படி இல்லம்மா. ஒரு தடவை கேட்டதும் சின்னக் குழந்தையும் பாடணும், பல்லு போன கிழவரும் பாடணும். அதுக்கு...

– பல்லு போன கிழவர்னதும் ஞாபகம் வருது. நேத்து ஒருத்தர் வந்தார்.

– காது டெஸ்டுக்கா?

– என்கிட்ட வேற எதுக்கு வருவாங்க? ரெண்டு காதும் கேக்காமப் போய் ரொம்ப வருஷம் ஆச்சு. புதுக் கருவியை மாட்டி, அளவெல்லாம் சரி பண்ணிட்டு, "முதல்ல என்ன கேக்கணும், சொல்லுங்க"ன்னேன். அவர் மனைவி ஆசையா முன்னால வந்து நிக்குறாங்க, தன்னைப் பேசச் சொல்வார்னு. மனுஷன் என்ன கேட்டார் தெரியுமா? உங்காளு பாட்டு.

– பாத்தியா!

– இருங்க, முழுசாக் கேளுங்க. போன்ல போட்டேன். கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு வரி கேட்டார். அப்புறம் கண்ணைத் திறந்து, "இது அவர் இல்லையே, யாரோ சுமாராப் பாடுறாங்களே"ன்னார்.

– கருவியில கோளாறு இருக்கும்.

– ஒரு கோளாறும் இல்ல. அவர் மனைவி திரும்பி நின்னு முணுமுணுத்தது அவருக்குப் பளிச்சுனு கேட்டுது. வீட்டுக்குப் போற வரைக்கும் பாவம் அதுக்குத்தான் பதில் சொல்லிட்டு இருந்திருப்பார்.

– நீ இதையெல்லாம் தேடித் தேடிச் சேத்து வெச்சிருக்கே. அவர் மேல உனக்கு அப்படி என்ன காய்ச்சல்?

– எனக்கா காய்ச்சல்? தன் கைதட்டலைத் தானே கூட்டி வெச்சுக் கேக்குற ஆள் உலகத்துலயே உங்காளு ஒருத்தர்தான். நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

– நான் அப்படிச் சொல்லல. மேடையில அவர் ரெண்டு காதையும் அடைச்சு ஒரு கருவி மாட்டியிருப்போம். வாத்தியம், அவர் குரல், எல்லாத்தையும் நான் கலந்து அனுப்பறதுதான் அவருக்குக் கேக்கும். வெளியில லட்சம் பேர் கத்தினாலும் உள்ள கப்சிப். அந்த அமைதியில ஒரு மனுஷன் பாடினா பைத்தியம் பிடிச்சிடும். அதனால கூட்டத்துப் பக்கம் ஒரு மைக் வெச்சு, அந்தச் சத்தத்தையும் கொஞ்சம் சேத்துக் குடுப்பேன்.

– கொஞ்சம்னா?

– அவர் கேக்குற அளவு.

– எப்பவாவது "போதும், குறை"ன்னு சொல்லியிருக்காரா?

– காலுறையை ஏன் கிழியற மாதிரி சுருட்டுறே?

– கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

– இல்ல. குறைன்னு சொன்னதில்ல.

– அவ்வளவுதான். வழக்கு முடிஞ்சுது.

– முடியல. உனக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். முதல் வரிக்கு முந்தி ஒரு மூச்சு எடுப்பார். கூட்டத்துக்குக் கேக்காது, என் ஹெட்போன்ல மட்டும்தான் கேக்கும். இத்தனை புகழுக்கு அப்புறமும் அந்த மூச்சு நடுங்கும்மா. முதல் நாள் மேடை ஏறுற சின்னப் பையன் மாதிரி. போலிக்கு அப்படி நடுங்குமா?

– நடுங்கினாத்தான் பெரிய ஆள்னா, என் ரூமுக்கு வர்றவங்க எல்லாரும் மேதைங்க. கதவைச் சாத்தி ஹெட்போனை மாட்டினதும் எப்படி நடுங்குறாங்க தெரியுமா? அவங்க படத்தை யாரும் சட்டையில போட்டுக்கிட்டுத் திரியறதில்ல.

– உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியாது.

– நீங்க என்னைக்கு என்கிட்ட பேசினீங்க, ஜெயிக்கறதுக்கு? வருஷத்துல முக்கால்வாசி அந்த ஆள் காதுல இருக்கீங்க. மிச்ச நாள் இங்க வந்து சோபாவுல படுத்துக்கிட்டு, "மெதுவாப் பேசு, காதுக்கு ஓய்வு வேணும்"ங்குறீங்க. பாப்பா ஸ்கூல்ல "என் அப்பா"ன்னு கட்டுரை எழுதச் சொன்னாங்களாம். "என் அப்பா ஒருத்தர் காதில் குடியிருக்கிறார்"னு எழுதியிருக்கா. டீச்சர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"ன்னு கேக்குறாங்க.

– என்ன சொன்னே?

– இல்ல, அவர் வீட்டுலயே இல்ல, அதனால பிரச்சினையும் இல்லன்னேன். அவ பிறந்த அன்னைக்காவது இருந்தீங்களா?

– ஐயோ, அதை ஆரம்பிக்காத.

– மேடை ஒத்திகையில இருந்தீங்க. எங்கம்மா குழந்தை அழறதைப் போன்ல கேக்க வெச்சாங்க. வாயைத் திறந்து முதல்ல என்ன சொன்னீங்க?

– வேலை ஞாபகத்துல...

– சொல்லுங்க.

– "மேல் ஸ்தாயி கொஞ்சம் கிறீச்சுன்னு இருக்கு, குறைக்கணும்"னேன்.

– எங்கம்மா கடைசி வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. நானும்தான் கூடச் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே பதினோரு வருஷம் போயிடுச்சு. இங்க பாருங்க, அந்த ஆள் நிஜமாவே பெரிய கலைஞன், அவனுக்காக என் வீடு காலியாக் கிடந்துதுன்னா, சரி, ஏதோ நல்ல காரியத்துக்குத்தான்னு மனசைத் தேத்திக்கலாம். ஒரு சுமாரான ஆளுக்காகக் கிடந்துதுன்னா எப்படித் தேத்திக்கறது? அதனாலதான் விடாமக் கேக்குறேன். அவன்கிட்ட அப்படி என்ன இருக்கு?

– எனக்கும் அதேதானே.

– என்ன அதே?

– அவர் சுமார்னா, இத்தனை வருஷம் நான் எங்க போயிட்டு வந்தேன்?

– இப்படி அழகாப் பேசிட்டா நான் உருகிடுவேன்னு நினைக்காதீங்க. நேத்து சொன்னதுதான் இன்னைக்கும். நாலு மணிக்கு வர்ற வண்டியில ஏறினீங்கன்னா, திரும்பி வரும்போது சாவி உங்ககிட்ட இருக்கும், பூட்டு வேறயா இருக்கும்.

– மிரட்டிக்கிட்டே பெட்டியும் அடுக்கிக் குடுக்குற ஒரே பொம்பளை நீதான்.

– கோபம் வேற, ஷூ வேற. காதுக் கருவி வைக்குற கறுப்பு டப்பா எங்க? எப்பவும் முதல்ல அதைத்தானே உள்ள வைப்பீங்க?

– அது வேண்டாம்.

– பல் துலக்குற பிரஷ்ஷை மறந்தாலும் அதை மறக்கமாட்டீங்களே.

– திருப்பிக் குடுத்துட்டேன்.

– யார்கிட்ட?

– அங்கதான். என்னை எடுத்துட்டாங்கம்மா. போன வாரமே.

– எடுத்துட்டாங்கன்னா? வேலையிலேர்ந்தா? யாரு? எந்தப் பய?

– அவரேதான்.

– அவனா? என்ன கொழுப்பு அவனுக்கு! நீங்க இல்லாம அவனுக்கு ஒரு சுரம் கேக்குமா? அன்னைக்கு அந்த மழையில, காய்ச்சலோட, பிளாஸ்டிக் பையைத் தலையில கட்டிக்கிட்டு நின்னீங்களே. நன்றிகெட்ட ஜென்மம். போன வாரமேன்னா, இவ்வளவு நேரம் எதுக்கு அவனுக்கு வக்காலத்து வாங்கினீங்க?

– பழக்கதோஷம்.

– என்ன தப்பு பண்ணீங்க? ஒளிக்காமச் சொல்லுங்க.

– எனக்கு முன்னால ஒரு சின்ன மைக் இருக்கும். பாடிக்கிட்டு இருக்கும்போது அவருக்கு ஏதாவது சொல்லணும்னா பொத்தானை அமுக்கிட்டுப் பேசுவேன். அவர் காதுல மட்டும் விழும், வேற ஒருத்தருக்கும் கேக்காது. கடைசி நிகழ்ச்சியில ஏதோ சொல்லிட்டு, பொத்தானை அணைக்க மறந்துட்டேன்.

– அப்புறம்?

– லைட் பாக்கறவர் பக்கத்துல வந்து நின்னார். "ஜனங்க அழறாங்க பாருங்க, எப்படித்தான் பாடுறாரோ"ன்னார். நான் சும்மா பேச்சுக்கு...

– என்ன சொன்னீங்க?

– "இவரை யாரு கேக்குறா? எல்லாரும் அவங்கவங்க பதினாறு வயசைத்தான் கேட்டுக்கிட்டு இருக்காங்க"ன்னேன்.

– அது முந்தின நாள் நான் போன்ல சொன்னதாச்சே!

– ஆமா. நல்லா இருந்துச்சு. மனசுல தங்கிடுச்சு.

– நல்லா இருந்துச்சா? "உனக்குப் பாட்டைப் பத்தி என்ன தெரியும்"னு பட்டுனு போனை வெச்சீங்களே!

– நல்லா இருக்குன்னு உன்கிட்டயே ஒத்துக்க முடியுமா?

– கடவுளே. அது அவர் காதுல... நடுப்பாட்டுலயா? நிறுத்திட்டாரா?

– எங்க நிறுத்தினார்? ஒரு இடத்துல சுருதி விலகல. முடிச்சார், கையசைச்சார், நேரா என்கிட்ட வந்தார். காதுலேர்ந்து ரெண்டையும் கழட்டி என் உள்ளங்கையில வெச்சார். "அது உன் வார்த்தை இல்லையே, யார் சொன்னது?"ன்னார்.

– என்னைக் காட்டிக் குடுத்துட்டீங்களா?

– "வீட்டுல சொன்னாங்க சார்"னேன்.

– நல்லா இருக்கு. அப்போ என் வாயாலதான் உங்க வேலை போச்சா?

– இல்லம்மா. அதுக்கு அவர் சிரிச்சார். அப்புறம், "சரி, நீ என்ன நினைக்கிறே?"ன்னு கேட்டார். "நீங்க எப்பவும் பிரமாதம் சார், இன்னைக்கும் பிரமாதம்"னேன்.

– அப்புறம்?

– அதுக்குத்தான் போச்சு.

– புரியல.

– "என் காதுக்குள்ளயே இருந்த ஒரே ஆள் நீ. நீயும் கைதட்டத்தான் இருந்தியா?"ன்னார். சத்தம்கூடப் போடல. துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டுப் போயிட்டார்.

– அந்த வார்த்தையேவா சொன்னார்?

– அந்த வார்த்தையேதான்.

– ம். கொஞ்சம் யோசிக்கிற மனுஷன்தான் போல.

– இப்பத்தான் நன்றிகெட்ட ஜென்மம்னே.

– அது வேற. சரி, விடுங்க. நீங்க வீட்டுல இருக்கணும்னுதான் கேட்டேன், கிடைச்சுடுச்சு. இப்படிக் கிடைக்கணும்னு கேக்கல. கண்ணைத் துடைங்க. இருங்க இருங்க... வேலை போச்சுன்னா நாலு மணி வண்டி எதுக்கு வருது? நேத்திலேர்ந்து நாலு மணி, நாலு மணிங்குறீங்க.

– அது எனக்கு இல்ல.

– பின்ன யாருக்கு?

– உனக்கு. புதுப் பாட்டெல்லாம் பதிவு பண்றார். எங்கயோ மலைமேல ஸ்டுடியோ, தங்கித்தான் ஆகணும். கூட உக்காந்து கேட்டுட்டு, மனசுல பட்டதை அப்படியே சொல்ல ஆள் வேணுமாம். "உன் வீட்டுல இருக்கறவங்களை அனுப்பு. அவங்களுக்குக் காது இருக்கு"ன்னு ஆள் மூலமாச் சொல்லி அனுப்பினார்.

– இதைச் சொல்லவா உங்களுக்கு இவ்வளவு நேரம்?

– நான் ஒண்ணு புகழ்ந்தா நீ ரெண்டு திட்டுவே. நல்லாத் திட்டி முடிக்கட்டும்னு பாத்தேன். அந்த ஆள் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு உன் வாயாலயே வந்துட்டா, அப்புறம் வண்டியைத் திருப்பி அனுப்பிடலாம்னு.

– அவங்களுக்குக் காது இருக்குன்னா சொன்னார்?

– ம்.

– நாள் பூரா ஊர்க் காதையெல்லாம் பாக்குறேன். எனக்கும் ஒரு காது இருக்குன்னு இத்தனை வருஷத்துல நீங்க ஒரு தடவை சொன்னதுண்டா?

– நான் மனசுல...

– மனசுல இருந்தது மனசுலயே இருக்கட்டும். சும்மா சொல்லக்கூடாது, அந்தத் தாலாட்டு மாதிரி ஒரு பாட்டு இருக்கே, அது நல்லாத்தான் இருக்கும். கடைசி வரி வரும்னு நாம காத்துக்கிட்டே இருப்போம், பாடாம விட்டுடுவார். தெரிஞ்சு பண்றதுதான் அது.

– இதை நான் இப்பத்தான் கேள்விப்படறேன்.

– நீங்க எங்க இருந்தீங்க, கேள்விப்பட? கிளினிக்ல லீவு தருவாங்களா? தருவாங்க. பாப்பாவுக்குக் கணக்குப் பரீட்சை வருது, பக்கத்துல சும்மா உக்காந்தாப் போதும், அவளே போடுவா. உங்க சட்டையெல்லாம் வெளியில எடுங்க. இந்தப் பெட்டியே போதும், ஏன் வேற எடுக்கணும்?

– இவ்வளவு நேரம் மூணு சுரம், மூணு சுரம்னியே?

– மூணு சுரம்தான். அதை நேர்ல சொல்லணும் இல்லையா? கேட்டுதா, ஹார்ன் அடிக்கிறாங்க. ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, இதோ வர்றாங்கன்னு சொல்லுங்க. என்ன, அப்படியே நிக்குறீங்க?

– போகாதம்மா. சத்தியமாச் சொல்றேன், அந்த ஆள் பாட்டுல ஒண்ணுமே இல்ல.