திமிசு படாத ஆறடி

தோட்டத்துப் பாதை ஓரிடத்தில் இரண்டு விரற்கடை தாழ்ந்திருப்பது என் வேலையில் வந்த பிழைதான், ஐயா. முப்பது வருஷ மேஸ்திரி வேலையில் நான் போட்ட தரை வேறெங்கும் தாழ்ந்ததில்லை.

மேட்டில் ஒரு அருங்காட்சியகம், பள்ளத்தில் ஒன்று. இரண்டையும் புதுப்பித்து, நடுவிலிருந்த தரிசைத் தோட்டமாக்கி, ஒரே பாதையால் இணைக்க வேண்டும். நாற்பது பேர் என்னை நம்பி வந்திருந்தார்கள்.

இந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. தோண்டும்போது பழசு ஏதாவது தட்டுப்பட்டால் அந்த நிமிஷமே வேலை நிற்கும். முன்பு ஓரிடத்தில் உள்ளங்கை அகலப் பானை ஓட்டுக்காக இரண்டு வருஷம் நின்றது. ஆட்கள் திசைக்கொருவராகப் போனார்கள். ஒருவன் மட்டும் போக வழியில்லாமல் தூக்குப் போட்டுக்கொண்டான். கயிற்றை அறுத்து இறக்கியது நான்.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்த மதியம். ஆளுயர வடிகால் குழிக்குள்ளிருந்து மச்சினன் கூப்பிட்டான். என் மனைவியின் ஒரே தம்பி. நான் தோளில் தூக்கி வளர்த்தவன். அவன் காலடியில் பழைய செங்கல் சுவர், அதையொட்டி மூடி போட்ட மண்ஜாடி.

"மாமா, ஆயிரம் வருஷம் இருக்கும்போல. என்னையும் சேத்துக் கண்ணாடிப் பெட்டியில வெப்பாங்கல்ல?"

"உன் மூஞ்சியப் பாக்க எவன்டா டிக்கெட் வாங்குவான்? மூடிட்டு மேல வா."

"அதெப்படி மாமா? சொல்லித்தான ஆகணும். நானே போய்ச் சொல்லிடறேன்."

இரண்டு முறை கெஞ்சினேன். பிறகு மண்ணைத் தாங்கியிருந்த முட்டுப்பலகையைச் சுத்தியலால் தட்டிவிட்டேன். சரிந்த மண் அவன் மார்பு வரை ஏறியது. தானாகச் சரிந்தது என்றே நினைத்தான்.

"மாமா, மூச்சு முட்டுது. சீக்கிரம்."

மண்வெட்டியை எடுத்தேன். தோண்டத்தான் எடுக்கிறேன் என்று நம்பி அமைதியானான்.

ஆட்கள் வந்ததும், அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான், குழியும் சரிந்துவிட்டது, குழாயை வேறு பக்கம் திருப்புவோம் என்றேன். வேலை ஒருநாளும் நிற்கவில்லை. பாதை அந்தக் குழியின் மேலாகவே போனது.

திறப்பு நாளில் மனைவி அந்தப் பாதையோரக் கல்பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். "இதெல்லாம் அவன் பாக்காமப் போயிட்டானே. எங்க இருக்கானோ," என்று அழுதாள்.

"இங்கதான் எங்கயாவது இருப்பான்," என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை.

நாளை அந்த இடத்தைத் தோண்டப் போகிறார்களாம். கடப்பாரை வேண்டாம் என்று சொல்லுங்கள். மண் இளக்கம்தான், கையாலேயே அள்ளலாம். பாதைக்கு மண் போட்டால் அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். அந்த ஆறடியை மட்டும் நான் இடிக்க விடவில்லை. அவனுக்கு வலிக்குமே என்று இருந்தது.

கல்நெஞ்சக்காரன் என்று எழுதிவிடாதீர்கள், ஐயா. அப்படிப்பட்டவன் இடித்திருப்பான்.