சாவி அவரிடம், பதிவேடு என்னிடம்

மேடையில் அமர்ந்திருக்கும் முதல்வர் அவர்களே, கணினி அறிவியல் துறைத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் சாரின் துணைவியாரே, மகளே, இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம். நீங்கள் நிற்கும் ஒழுங்கைப் பார்த்திருந்தால் நம் வரிசை வாத்தியாருக்கு மனம் குளிர்ந்திருக்கும்.

இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் ஆபரேட்டிங் சிஸ்டம் நடத்தினார். பக்கத்து அறையில் நான் நெட்வொர்க் நடத்தினேன். டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், கம்பைலர் என்று நம் துறையில் பாடங்களுக்கா பஞ்சம்? ஆனால் மாணவர்கள் அதிகம் பயந்த பாடம் எது? அவருடையது. பயம் தெளிந்து வெளியே வந்த பாடம் எது? அதுவும் அவருடையதுதான். கணினிக்குள் நூறு வேலைகள் முண்டியடிக்கும்போது யாரை முதலில் விடுவது என்பதை, மாணவர்களையே வராந்தாவில் வரிசையாக நிறுத்திப் புரியவைப்பார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

ஒருமுறை ஆய்வகத் தேர்வு. சாவி அவரிடம், வருகைப் பதிவேடு என்னிடம். பதிவேடு வராமல் கதவைத் திறப்பதில்லை என்பது அவருடைய விதி. கதவு திறக்காமல் பதிவேட்டைத் தருவதில்லை என்பது என் வீம்பு. அவர் அறையில் அவர், என் அறையில் நான், ஒன்றரை மணி நேரம். பூட்டிய கதவுக்கு வெளியே நாற்பது மாணவர்கள். கடைசியில் ஆய்வக உதவியாளர் வந்து, "ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் எழுந்து வாங்க, புண்ணியமாப் போகும்" என்றார்.

அவர் கோபித்துக்கொண்டாரா? மறுநாள் வகுப்பில், "டெட்லாக்னா என்னன்னு கேட்டீங்களே? நேத்து நானும் மேடமும் செஞ்சு காட்டினோமே, அதுதான். அவங்க விடட்டும்னு நான், நான் விடட்டும்னு அவங்க" என்றார். அதன்பின் ஆண்டுதோறும் வினாத்தாளில் சாவியும் பதிவேடும் வந்தன. ஆண்டுதோறும் என் மானம் போனது.

மூன்று ஆண்டுகளாக அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருந்தார். "எனக்கப்புறம் இந்தப் பாடத்தை நீங்கதான் எடுக்கணும் மேடம்."

"முதல்ல நீங்க ஓய்வு வாங்குங்க, அப்புறம் பார்க்கலாம்" என்பேன்.

"நீங்க சரின்னு சொல்லுங்க, அப்புறம் வாங்கறேன்" என்பார்.

மனதில் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவர் நின்ற இடத்தில் நின்றால் என்னை அவரோடு ஒப்பிடுவார்களே என்று பயந்தேன். போன மாதம் மருத்துவமனையிலும் கேட்டார். மழுப்பிவிட்டு வந்தேன். அந்த ஒன்றுதான் என் வருத்தம். மற்றபடி, பிடித்த வேலையை ஆசை தீரச் செய்துவிட்டு, மகளின் கையைப் பிடித்தபடி நிம்மதியாகப் போன மனிதரை நினைத்தால் எனக்கு நிறைவாகவே இருக்கிறது.

நேற்று அவருடைய துணைவியார் என்னிடம் ஓர் உறையைக் கொடுத்தார். "உங்ககிட்ட சேர்க்கச் சொன்னார்." உள்ளே ஆய்வகச் சாவியும் ஒரு துண்டுச் சீட்டும் இருந்தன. 'மேடம், இந்தத் தடவை நானே முதல்ல விட்டுட்டேன்.'

சரி சார். நானும் விட்டுவிட்டேன். உங்கள் பாடத்தை இனி நான் எடுக்கிறேன். இது இந்த அவையின் முன் நான் தரும் வாக்கு.

மாணவர்களே, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வராந்தாவில் வரிசையாக நில்லுங்கள். கதவு திறந்திருக்கும்.